இடுப்பில் மறைத்து வைக்க ரிவால்வர் லைசென்ஸ்: நம் மாவட்டத்தில் யாராவது எடுத்திருக்கிறீர்களா? பயிற்சி எங்கே?

மோர்ப்பண்ணை நண்டுக்காரன் எழுதியது:

வணக்கம். சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். ரிவால்வர் லைசென்ஸ் எடுக்க வேண்டும், வெளியே தெரியாமல் இடுப்பில் வைத்துக்கொள்கிற மாதிரி. ராமநாதபுரம் மாவட்டத்தில் சமீபத்தில் எடுத்தவர்கள் இருந்தால் வழி சொல்லுங்கள்.

மோர்ப்பண்ணை, திருப்பாலைக்குடி, காரங்காடு மூன்று கரையிலும் நாட்டுப்படகுக்காரர்களிடம் நண்டு எடுத்து, அவித்துக் கம்பெனிக்குப் போடுகிறேன். பதினோரு வருஷமாக இதுதான் பிழைப்பு. கம்பெனி எனக்குக் கணக்கில் போட்டுவிடும், ஆனால் கரையில் ரொக்கம்தான். வலையிலிருந்து நண்டைக் கழற்றிக் கொடுத்த கையோடு பணம் வேண்டும் அவர்களுக்கு, டீசல் பாக்கிக்காரர் பக்கத்திலேயே நிற்பார். அதனால் முதல்நாள் மத்தியானமே பேங்கில் எடுத்து, ராத்திரி வீட்டில் வைத்திருந்து, காலை நாலரைக்கு ஆர்.எஸ். மங்கலத்தில் பைக்கை எடுத்து உப்பூர் வழியாக ஈ.சி.ஆரில் ஏறுவேன். சீசன் நாளில் பையில் மூன்று நாலு லட்சம் வரை இருக்கும்.

போன மாதம் உப்பூர் வெயிலுகந்த பிள்ளையார் கோயில் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நம்பர் பிளேட் இல்லாத பைக்கில் இரண்டு பேர் பின்னாலேயே வந்து, வண்டியை உதைத்துத் தள்ளிவிட்டு முன்னால் மாட்டியிருந்த பையை வாரோடு அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் கருவேலம் புதரில் கிடந்தேன். பையில் இருந்தது கணக்கு நோட்டும் மனைவி கட்டிக் கொடுத்த இட்லியும், பணம் சீட்டுக்கு அடியில். சிரிப்பாகத்தான் இருக்கிறது இப்போது சொல்லும்போது. ஆனால் பத்து நாள் கழித்து அதே ஆள் என் வீட்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தது போல எனக்குத் தோன்றியது, அதற்கப்புறம் தூக்கம் போய்விட்டது. போலீஸில் சொன்னேன், புகார் வந்தது என்பதற்கு ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள், அதோடு சரி.

ஹூஸ்டனில் இருக்கும் என் சின்னம்மா மகன் ஒரு அட்டையை வீடியோவில் காட்டினான். ஒருநாள் வகுப்பு, கொஞ்சம் சுட்டுக் காட்டினால் போதும், துப்பாக்கியைச் சட்டைக்குள் மறைத்து எங்கே வேண்டுமானாலும் எடுத்துப் போகலாமாம். இங்கே அந்த மாதிரி மறைத்து வைக்கத் தனி லைசென்ஸ் உண்டா? பயிற்சி கட்டாயம் என்கிறார்களே, அது எங்கே? இன்னொருவர், லைசென்ஸ் எல்லாம் எதற்கு, நாட்டு ரகம் ஒன்று மலிவாக இருக்கிறது என்றும் சொல்கிறார். அது வேண்டாம் என்று எனக்கே தெரியும், இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.


பழைய குமாஸ்தா எழுதியது:

தம்பி, கடைசியாகச் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். அந்த ஆளின் நம்பரை அழித்துவிடுங்கள். 2019 டிசம்பரில் ஆயுதச் சட்டத்தைத் திருத்திய பிறகு லைசென்ஸ் இல்லாத சாதாரணத் துப்பாக்கி கையில் இருந்தாலே குறைந்தது இரண்டு வருஷம், அதிகபட்சம் ஐந்து வருஷம் ஜெயில். விற்கிறவனுக்கு ஏழு வருஷத்தில் தொடங்கி ஆயுள் வரை போகும். நம் கரையில் இது விளையாட்டு இல்லை. 2018 ஜூனில் தங்கச்சிமடம் அந்தோணியார்புரத்தில் செப்டிக் டேங்குக்குக் குழி தோண்டியபோது பெட்டி பெட்டியாகப் பழைய ஈழ இயக்கத் தோட்டாக்கள் வந்ததே, அந்த வீட்டுக்காரர் உடனே போலீஸுக்குச் சொன்னதால்தான் நிம்மதியாக இருந்தார். அன்றைக்கு ஒரு கைப்பிடியை ஞாபகார்த்தமாக எடுத்து வைத்திருந்தால் கதை வேறு.

சரி, உங்கள் கேள்வி. நான் கலெக்டர் ஆபீஸில் துப்பாக்கி லைசென்ஸ் பார்க்கிற சீட்டில் சில வருஷம் இருந்தவன், ஓய்வு பெற்று நாளாகிவிட்டது. மறைத்து வைக்கத் தனி லைசென்ஸ் நம் நாட்டில் கிடையாது. வைத்திருக்க, எடுத்துப் போக எல்லாவற்றுக்கும் ஒரே லைசென்ஸ்தான், அதில் எதற்காக, எந்த எல்லைக்குள் என்று எழுதியிருக்கும். வேடிக்கை என்னவென்றால் 2016-ல் வந்த ஆயுத விதிகளின்படி பொது இடத்தில் கைத்துப்பாக்கியை அதற்கென்றே செய்த உறையில் உடம்போடு மாட்டி, அல்லது பையில் வைத்து, முழுக்க மூடித்தான் கொண்டுபோக வேண்டும். அமெரிக்காவில் மறைப்பதற்கு அட்டை வாங்குகிறார்கள், இங்கே மறைக்காமல் விட்டால்தான் தப்பு. கல்யாண வீட்டில், திருவிழாவில், கூட்டத்தில் வெளியே எடுத்துக் காட்டுவதே கூடாது. வானத்தைப் பார்த்து ஒரு வெடி போட்டால் அதற்கும் 2019-லிருந்து தனிப் பிரிவு இருக்கிறது, இரண்டு வருஷம் வரை ஜெயில் அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

நம் மாவட்டத்தில் லைசென்ஸ் கொடுப்பவர் கலெக்டர். கமிஷனர் இருக்கிற மதுரை மாதிரி ஊர்களில் போலீஸ் கமிஷனர். வயது இருபத்தொன்று ஆகியிருக்க வேண்டும், உங்களுக்கு அது பிரச்சினை இல்லை. ஏ-1 படிவத்தில் விண்ணப்பம், போட்டோக்கள், ஆதார், வயதுச் சான்று, முகவரிச் சான்று, பாதுகாப்பாக வைப்பேன் பயன்படுத்துவேன் என்று எஸ்-2 படிவத்தில் உறுதிமொழி, டாக்டர் சான்று எஸ்-3 படிவத்தில். கடைசியில் சொன்னது உடம்புக்கு மட்டும் இல்லை, மனநிலைக்கும் சேர்த்துத்தான். விண்ணப்பம் போனதும் எஸ்.பி. ஆபீஸுக்கு ஒரு கடிதம், வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.வுக்கு ஒரு கடிதம் போகும். ஒன்று டி.எஸ்.பி., இன்ஸ்பெக்டர் என்று இறங்கும், மற்றொன்று தாசில்தார், ஆர்.ஐ., வி.ஏ.ஓ. என்று இறங்கும், அப்புறம் இரண்டும் அதே படியில் ஏறி வரவேண்டும். போலீஸ் அறிக்கை முப்பது நாளில் வரவேண்டும் என்பது விதி. படி ஏறுகிறவர்களுக்கு மூட்டுவலி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது முக்கியமான இடம். பயமாக இருக்கிறது என்று எழுதினால் கோப்பு அங்கேயே படுத்துவிடும். தொழிலின் தன்மையாலோ வேலையாலோ உயிரையும் சொத்தையும் காப்பாற்ற உண்மையான தேவை இருக்கிறதா என்பதுதான் விதியில் இருக்கிற வார்த்தை. அதைக் காகிதத்தில் காட்ட வேண்டும். வெறும் சி.எஸ்.ஆர். பலவீனம். வண்டியை உதைத்துத் தள்ளிப் பை அறுத்தது கொள்ளைக் கணக்கில் வரும், எஃப்.ஐ.ஆர். போடச் சொல்லி எழுத்தில் கொடுங்கள், ஸ்டேஷனில் எடுக்கவில்லை என்றால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதோடு வருமானவரிக் கணக்கு, கம்பெனியிடமிருந்து ஒரு கடிதம், பேங்க் ஸ்டேட்மெண்டில் நீங்கள் ஒவ்வொரு நாளும் எடுத்த தொகை எல்லாம் சேர்த்து வையுங்கள். சொத்து அதிகம் இல்லையே என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள், போதுமான சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. மறுத்தால் காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும், அதன் மேல் அப்பீல் போகலாம்.

கிடைத்தால் ஐந்து வருஷத்துக்குச் செல்லும், முன்பு மூன்றாக இருந்தது. உங்களுக்குப் பெரும்பாலும் குழல் அளவில் பாயின்ட் 32 ரகம்தான். 9 எம்.எம்., பாயின்ட் 38 எல்லாம் தடை செய்யப்பட்ட ரகம், கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.


கீழக்கரை ஹூஸ்டன் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் கீழக்கரைக்காரன், இருபது வருஷமாக ஹூஸ்டன் பக்கம். அந்தத் தம்பி காட்டிய அட்டை என்னிடமும் இருக்கிறது, அதனால் சொல்கிறேன். அவர் சொன்னதில் பாதி சரி.

டெக்சாஸில் 2021 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து, துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ள இருபத்தொரு வயதுக்காரர் யாரும் லைசென்ஸ் இல்லாமலேயே கைத்துப்பாக்கியை உறையில் வைத்து எடுத்துப் போகலாம். அப்புறம் எதற்கு அட்டை என்றால், வேறு மாநிலங்களுக்குப் போகும்போது அங்கே ஒத்துக்கொள்வார்கள், கடையில் வாங்கும்போதும் வேலை சுலபம். நாற்பது டாலர் கட்டணம், கைரேகை, நாலிலிருந்து ஆறு மணி நேர வகுப்பு, ஒரு எழுத்துத் தேர்வு, பிறகு சுடும் தேர்வு. ஐம்பது தோட்டா, மூன்று கஜம், ஏழு கஜம், பதினைந்து கஜம் என்று மூன்று தூரம், 250 மதிப்பெண்ணுக்கு 175 எடுத்தால் பாஸ். வாழைத்தோப்பில் நின்று வாழையைச் சுடுவது போலத்தான், அதில் தோற்றவர்களை நான் பார்த்ததில்லை.

ஆனால் வகுப்பில் வாத்தியார் அதிக நேரம் எடுத்துக்கொண்டது சுடுவதற்கு இல்லை அண்ணே. சண்டை வராமல் எப்படி விலகிப் போவது, குழந்தைகள் இருக்கிற வீட்டில் எப்படிப் பூட்டி வைப்பது, இரண்டும் பாடத்திட்டத்திலேயே உண்டு. நான் ஏதோ படம் மாதிரி இருக்கும் என்று போனேன், அவர் ஒரு மணி நேரம் பார்க்கிங்கில் யாராவது திட்டினால் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போ என்று சொல்லிக்கொண்டிருந்தார். எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்பதும் இல்லை. வருமானத்தில் பாதிக்கு மேல் அங்கேயே குடிக்கும் மதுவில் வருகிற கடைகளில் 51 என்று சிவப்பில் எழுதிய பலகை இருக்கும், உள்ளே துப்பாக்கியோடு கால் வைத்தால் பெரிய குற்றம். வேறு கடைகளிலும் 30.06 என்று ஒரு பலகை வைத்தால் மறைத்து வைத்திருப்பவரும் வெளியே போக வேண்டியதுதான்.

இன்னொன்று, அந்தத் தம்பியிடம் நீங்களே கேளுங்கள். எச்1பி போல தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதே அங்கே மத்திய சட்டப்படி பொதுவாகத் தடை, வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்குகள்தான் உண்டு. கிரீன் கார்டு இருந்தால் பரவாயில்லை. நம் ஊர்ப் பையன்கள் சிலர் இது தெரியாமல் நண்பரின் துப்பாக்கியைப் பிடித்து போட்டோ போடுகிறார்கள். வயிறு கலங்குகிறது.


கமுதி ரெட்டைக்குழல் எழுதியது:

எங்கள் தாத்தா காலத்து ரெட்டைக்குழல், 12 போர். தாத்தாவுக்கு எழுபது ஆனதும் அப்பா பேருக்கு, அப்பா தவறிய பிறகு என் பேருக்கு. லைசென்ஸ்தாரருக்கு எழுபது வயது ஆனாலோ, இருபத்தைந்து வருஷம் வைத்திருந்தாலோ உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றிக் கொடுக்க வழி இருக்கிறது. அப்பா விஷயத்தில் யாருக்கும் அது தோன்றவில்லை. அவர் இறந்த பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லி ஆள் வந்துவிட்டார். அதை மீட்க நான் அலைந்த அலைச்சலில் ஒரு ஏக்கர் மிளகாய் போட்டு எடுத்திருக்கலாம்.

நண்டுக்காரரே, லைசென்ஸ் இருப்பவனின் வருஷம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், அப்புறம் முடிவு செய்யுங்கள். தேர்தல் வந்தால் கொண்டுபோய்க் கொடு. 2024-ல் மார்ச் 16 அறிவித்தார்கள், நமக்கு ஏப்ரல் 19 ஓட்டு, எண்ணியது ஜூன் 4. எங்கள் ஊர் ஓட்டு முடிந்து நாற்பத்தாறு நாள் பெட்டியும் பூட்டில், என் துப்பாக்கியும் பூட்டில். உள்ளாட்சித் தேர்தலுக்கும் சட்டமன்றத்துக்கும் இதே கதைதான். கலெக்டர் தலைமையில் ஒரு கமிட்டி பார்த்து யார் ஒப்படைக்க வேண்டும் என்று முடிவு செய்வதாகச் சொல்வார்கள், பேங்க் காவலாளிக்கு விலக்கு கிடைக்கும், நமக்கு போன் வரும். செப்டம்பர் 11 பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் நினைவு நாள், அக்டோபர் 30 பசும்பொன்னில் தேவர் ஜெயந்தி, இரண்டுக்கும் மாவட்டம் முழுக்கத் தடை உத்தரவு. அந்த நாட்களில் லைசென்ஸ் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு செக்போஸ்ட்டில் இடுப்பைத் தடவிக் காட்டிப் பாருங்கள். உங்கள் நண்டு சீசனில் எத்தனை நாள் அது உங்கள் இடுப்பில் இருக்கும் என்று கணக்குப் போடுங்கள்.

துப்பாக்கி வைத்திருக்கிறானே, காட்டுப்பன்றியைச் சுடுவான் என்று ஊரே நினைக்கிறது. கருவேலங்காட்டிலிருந்து இறங்கிச் சோளத்தை உழுதுவிட்டுப் போகும் பன்றியை வேடிக்கைதான் பார்க்க முடியும், வனத்துறை ஆள் வந்துதான் எதுவும் செய்ய வேண்டும். நான் சுட்டால் வனவிலங்குச் சட்டத்தில் என் பெயர் வரும். பயிர்ப் பாதுகாப்பு என்று லைசென்ஸில் எழுதியிருப்பதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.


ஓய்வு ஹவில்தார் எழுதியது:

முதுகுளத்தூர் பக்கம், பதினேழு வருஷம் ராணுவம், அப்புறம் எட்டு வருஷம் பேங்க் வாசலில் ரெட்டைக்குழல் துப்பாக்கியோடு ஸ்டூல். ராணுவத்தில் இருந்தவனுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் சும்மா கொடுப்பார்கள் என்று நினைக்காதீர்கள், எனக்கும் தேவையைக் காட்டத்தான் வேண்டியிருந்தது.

பயிற்சியைப் பற்றி யாரும் சரியாகச் சொல்லவில்லை. எஸ்-1 என்று ஒரு சான்றிதழ். துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாள்வது, எடுத்துச் செல்வது, சுடும் முறை, பராமரிப்பு, பூட்டி வைப்பது, சட்டம் இவ்வளவும் அந்தப் பயிற்சியில் வரவேண்டும். என் அக்கா மகனை மதுரையில் ஒரு ரைபிள் கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கலெக்டர் ஆபீஸில் விண்ணப்பம் கொடுக்கும்போதே எந்தப் பயிற்சியாளரின் சான்றிதழை ஏற்பார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் ஒருவர் கொடுத்த காகிதத்தை இன்னொருவர் ஏற்காமல் திருப்பி அனுப்புவார். சிலர் காசு கொடுத்தால் போகாமலேயே சான்றிதழ் கிடைக்கும் என்பார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள்.

என் அக்கா மகன் கதையைச் சொல்கிறேன். நல்ல தைரியசாலி, ஜல்லிக்கட்டில் மாடு பிடிக்கிறவன். முதல் தோட்டா சுட்டதும் திரும்பி என்னைப் பார்த்தான், துப்பாக்கியும் அவனோடு சேர்ந்து திரும்பியது. கையில் அடித்துக் கீழே இறக்கினேன். அங்கே நின்ற பயிற்சியாளர் ஒன்றும் பேசாமல் தோட்டாக்களை எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டு, காலியான துப்பாக்கியோடு அவனை முக்கால் மணி நேரம் திரும்ப வைத்தார், இடது பக்கம், வலது பக்கம், குழல் மட்டும் சுவரைப் பார்த்தபடி. விரல் விசைக்கு வெளியே. அது பழகுகிறவரை இரண்டாவது தோட்டா இல்லை. சாப்பிடுகிற கை சாப்பாட்டுக்குப் போகிற மாதிரி அந்த விரல் விசைக்குப் போகும், அதைத் தடுக்கத்தான் பயிற்சி. குறி பார்ப்பது பிறகு.

உங்கள் சம்பவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பைக்கில் போகிறீர்கள், பின்னாலிருந்து உதை, புதரில் விழுகிறீர்கள், இருட்டு. இடுப்பில் ரிவால்வர் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். எழுந்து, சட்டையைத் தூக்கி, உறையின் கொக்கியைக் கழற்றி எடுப்பதற்குள் அவர்கள் உப்பூர் தாண்டிவிடுவார்கள். ஓடுகிறவன் முதுகில் சுட்டீர்கள் என்றால் அப்புறம் உங்களைத்தான் தேடுவார்கள். 2024 ஜூலையிலிருந்து இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவில் தற்காப்பு 34-லிருந்து 44 வரை. பொருளைக் காப்பாற்ற உயிரை எடுக்கிற அளவுக்கு உரிமை கொள்ளை, ராத்திரி வீடு புகுவது, தீ வைப்பது போல சிலவற்றுக்குத்தான். அதுவும் ஆபத்து இருக்கிற வரைக்கும்தான். வெறும் பறிப்புக்கு 304 என்று தனிப் பிரிவு இருக்கிறது, அதற்கெல்லாம் உயிரை எடுக்க முடியாது. குமாஸ்தா ஐயா உங்கள் வழக்கு கொள்ளை என்கிறார், சரிதான், ஆனால் உதைத்த நொடிக்கும் ஓடுகிற நொடிக்கும் நடுவில் என்ன இருந்தது என்று கோர்ட்டில் மூன்று வருஷம் பேசுவார்கள். கூடவே, விழுந்த ஆளின் இடுப்பில் துப்பாக்கி இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்தால் அடுத்த முறை எடுக்கப்போவது இட்லிப் பையை இல்லை.

அப்புறம் ஒரு சின்னக் கேள்வி, கோபித்துக்கொள்ளக் கூடாது. நண்டு எடுக்கப் போகும்போது என்ன உடுத்துகிறீர்கள்? கைலி என்றால் உறை எதில் மாட்டும்?


தொண்டி கேஷ் கவுண்டர் எழுதியது:

நான் பேங்கில் வேலை பார்க்கிறேன், எந்த பேங்க் என்று கேட்காதீர்கள். ஹவில்தார் அண்ணன் கேட்ட கைலிக் கேள்விக்கு நான் வாய்விட்டுச் சிரித்து மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

அண்ணே, நீங்கள் தினமும் ஒரே நேரத்தில், ஒரே கவுண்டரில், ஒரே பையோடு வருகிறீர்களா? எங்களிடம் வருகிற நண்டு, கணவாய், கருவாடு வியாபாரிகள் எல்லாரும் அப்படித்தான். டோக்கன் எடுத்துவிட்டு போனில் சத்தமாக, நாலு எடுக்கிறேன்டா என்பார்கள். வெளியில் உட்கார்ந்திருப்பவனுக்கு உளவு பார்க்கவே வேண்டாம்.

கரையில் எல்லாரும் ரொக்கம் கேட்பதில்லை என்பதையும் சொல்கிறேன். மீன்பிடிக்கிறவரிடம் நேரடியாக வாங்கும்போது பத்தாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் வருமானவரியில் செலவாகக் கழித்துக்கொள்ள விலக்கு இருக்கிறது, அதனால்தான் இந்தத் தொழிலில் யாரும் மாறவில்லை. ஆனால் படகுக்காரர் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் குழுக் கடனுக்காகக் கணக்கு இருக்கிறது, அந்தக் கணக்கில் போட்டால் அந்த அக்காக்கள் சந்தோஷப்படுவார்கள், கரையில் இருக்கிற அண்ணன்கள்தான் முகம் சுளிப்பார்கள். ஏன் என்று எல்லாருக்கும் தெரியும். பாதிப் பேரையாவது அப்படி மாற்றினால் உங்கள் பை பாதியாகும். மிச்சத்துக்கு, பணம் கொண்டுபோகும்போது நடக்கும் கொள்ளைக்கு என்றே இன்சூரன்ஸ் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். மிளகு ஸ்பிரேவுக்கு லைசென்ஸ் வேண்டாம். என் கைப்பையில் எப்போதும் உண்டு, ஒருமுறை பஸ்ஸில் தவறி அமுங்கி எனக்கே தும்மல் வந்ததைத் தவிர வேறு அனுபவம் இல்லை.


கமுதி ரெட்டைக்குழல் எழுதியது:

தங்கச்சி சொல்வது சரி. ரிவால்வர் விலையையும் யாரும் சொல்லவில்லை. 2014-ல் கான்பூர் தொழிற்சாலையிலிருந்து பெண்களுக்கென்று நிர்பீக் என்று ஒன்று கொண்டுவந்தார்களே, அரைக் கிலோ எடை, அதுவே அன்றைக்கு ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். அந்தக் காசுக்கு ஒரு பழைய மூடுவண்டியே வாங்கலாம், பைக்கில் போகாமல்.


மோர்ப்பண்ணை நண்டுக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும், நடுவில் காற்று ஏறி இரண்டு வாரம் படகு போகவில்லை, அதனால் அலையவும் நேரம் கிடைத்தது.

ஹவில்தார் அண்ணே, கைலிதான். பெல்ட் போட்டு அதன் மேல் மாட்டலாமா என்று மனைவியிடம் கேட்டேன், அந்தப் பார்வைக்கே லைசென்ஸ் வேண்டும்.

குமாஸ்தா ஐயா சொன்னபடி எஸ்.பி. ஆபீஸுக்குப் பதிவுத் தபால் போட்டேன். எட்டாம் நாள் ஸ்டேஷனிலிருந்தே கூப்பிட்டு எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். டீக்கடை ஆளைப் பற்றியும் சொன்னேன், விசாரித்தார்கள், அவர் பக்கத்துத் தெருவுக்கு மருமகனாக வந்தவராம். வெட்கமாகப் போய்விட்டது. அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரிக்கிறார், விஷயம் தெரியுமோ என்னவோ.

பணம் எடுக்கிற நேரத்தை மாற்றிவிட்டேன், திருப்பாலைக்குடியில் பதினாலு பேருக்கு வீட்டுக்காரம்மா கணக்கில் போட ஒப்புக்கொண்டார்கள், இரண்டு அண்ணன்கள் என்னோடு பேசுவதில்லை. மதுரைக்கும் ஒருநாள் போய்வந்தேன், அக்கா மகனைக் கூட்டிப் போனதாக ஹவில்தார் அண்ணன் சொன்ன மாதிரி ஒரு கிளப்புக்கு. காலியான துப்பாக்கியைக் கையில் கொடுத்தார்கள். நான் நினைத்ததைவிடக் கனம். திரும்பச் சொன்னார், திரும்பினேன், குழல் அவர் தொப்பையைப் பார்த்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, மூச்சை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டார்.

இருந்தாலும் விண்ணப்பம் போடலாம் என்றுதான் இருக்கிறேன், கிடைக்கிறதோ இல்லையோ. இப்போது ஒரே ஒரு சந்தேகம். பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். அந்த சம்பவத்துக்குப் பிறகு தூக்கம் வரவில்லை என்று டாக்டர் ஒரு மாத்திரையும் எழுதிக் கொடுத்திருக்கிறார். எஸ்-3 படிவத்தில் அதைச் சொல்ல வேண்டுமா, வேறு டாக்டரிடம் போகட்டுமா?


பழைய குமாஸ்தா எழுதியது:

வேறு டாக்டர் வேண்டாம் தம்பி. அதே டாக்டரிடம் போய் எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதையும் சொல்லி, தூக்க மாத்திரையையும் சொல்லி வாங்குங்கள். பிரஷர் ஒரு விஷயமே இல்லை. தூக்க மாத்திரை இன்னும் ஓடுகிறது என்றால் அது நிற்கிறவரை ஏ-1 படிவத்தை வீட்டிலேயே வையுங்கள், ஓடிப்போகாது.


ஓய்வு ஹவில்தார் எழுதியது:

அதுவரைக்கும் இரும்புப் பெட்டி எங்கே வைப்பது என்று பாருங்கள். சுவரில் போல்ட் போட்டு, தோட்டாவுக்குத் தனிப் பூட்டு. மோர்ப்பண்ணைக் காற்றில் வாசல் கீலே ஆறு மாதத்தில் துருப்பிடிக்கிறது, கடற்கரையில் வேலைக்குக் கொண்டுபோகிற துப்பாக்கியை ஞாயிற்றுக்கிழமைதோறும் துடைத்து எண்ணெய் போடவேண்டும். நான் எட்டு வருஷம் போட்டேன். அந்தத் துணி வாடை அடித்தாலே என் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்று தெரியும்.